எடுக்காத மாட்யூல்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை பதினொரு மணி. டெலீட் பட்டனுக்கு மேல் என் விரல் நிற்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது.

எதிரே ஸ்கிரீனில் ஒரே ஒரு வரி. அதைப் பார்த்துத்தான் பயம்.

நான் பயந்த சுபாவம் கிடையாது. திருத்தணி மலைக் குரங்குகள் எங்கள் மொட்டை மாடிக்கு வந்தால் துடைப்பத்தோடு போய் நிற்கிறவள். (அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் எழுதியபோது, பாதிப் பேர் குரங்கின் பக்கம் சேர்ந்துகொண்டு கடிதம் போட்டீர்களே… மறக்கவில்லை.) அப்படிப்பட்டவளை ஒரு வரி நிறுத்தி வைத்துவிட்டது.

கடந்த சில வாரங்களாக முருங்கைக்காய் சாம்பார், அரக்கோணம் ரயிலில் சீட் பிடிப்பது என்று எதையோ எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். எழுத வேண்டியது இதுதான். தைரியம் வரவில்லை. இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பிழைப்பு என்ன என்று தெரியாதவர்களுக்கு — சி மொழியில் புரோகிராம் எழுதுவது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் என்று பச்சையும் மஞ்சளுமாகக் கோடு ஓடுமே, அந்த மானிட்டருக்குள் இருக்கிற புரோகிராம். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி. வாரத்தில் இரண்டு நாள் ரயில், மற்ற நாள் வீட்டு டைனிங் டேபிள்.

அந்தப் புரோகிராமுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. தேர்தல் வந்தால் ஓட்டுப் போடலாம்.

புதிதாக வந்திருக்கும் எங்கள் தலைமை மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கல்பனா, அந்த மாட்யூல் லோடிங் பகுதியை மட்டும் சுத்தம் பண்ணிடுங்க. உபயோகம் இல்லாதது எதுவும் வேண்டாம். பழைய கமெண்ட்டையும் சேர்த்து எடுத்துடுங்க."

மாட்யூல் லோடிங்கா… அப்படியென்றால்? பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், ரொம்ப சுலபம். மெஷினை ஆன் செய்ததும் புரோகிராம் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டும். "இசிஜி, இருக்கீங்களா?" "இருக்கேன்." "ஆக்ஸிஜன்?" "இதோ வந்துட்டேன்." இப்படிக் கூப்பிட்டால் வந்து சேர்கிற ஒவ்வொரு துண்டுப் புரோகிராமும் ஒரு மாட்யூல். எல்லோரும் வந்த பிறகுதான் திரையில் கோடு ஓடும்.

எங்கள் புரோகிராம் ஏழு கதவைத் தட்டுகிறது. அதில் மூன்று வீடு காலி. நாலாம் நம்பர், ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர். அந்த வீட்டுக்காரர்கள் — அதாவது முன்பு மெஷினுக்குள் செருகியிருந்த பழைய சர்க்யூட் கார்டுகள் — இப்போது எந்த மெஷினிலும் கிடையாது. இது நம்ம ஆளுக்குத் தெரியாதே! தட்டிவிட்டு, கதவுக்குப் பதினைந்து செகண்டு என்று மரியாதையாக நிற்கும். மூன்று கதவுக்கு நாற்பத்தைந்து செகண்டு. மெஷினை ஆன் செய்கிற ஒவ்வொரு தடவையும் இதே கூத்து.

சரி, சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். கமெண்ட் என்பது புரோகிராமுக்கு நடுவே மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதி வைக்கிற குறிப்பு. மெஷின் அதைப் படிக்காது. எழுதியவரும் திரும்பப் படிக்க மாட்டார். "இது தற்காலிகம்" என்று ஒன்று. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். "திங்கட்கிழமை வந்து சரிசெய்கிறேன்" என்று ஒன்று. எந்தத் திங்கட்கிழமை ஐயா? எழுதியவர் கனடாவில் செட்டிலாகிவிட்டார். "மேலே சொன்னது தவறு" என்று இன்னொன்று. மேலே யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

டப் டப் என்று அழித்துக்கொண்டே வந்தேன். என்ன சுகம்! பரணில் இருக்கிற ஓட்டை அண்டாவைப் பழைய பாத்திரக்காரரிடம் போடுகிற சுகம்.

அப்போதுதான் அந்த வரி வந்தது.

edukkadha module - bava

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறது. மூன்று காலி வீட்டுக்கும் நேர் மேலே. 'எடுக்காதே' என்பதை வாயால் சொல்லும்போது 'எடுக்காத' என்றுதானே சொல்வோம்? "ஏய், அத்த எடுக்காத!" ஆக — எடுக்காதே, இது மாட்யூல். இப்படிக்கு, பாவா.

அதற்குக் கீழே இங்கிலீஷில் மூன்று பேர் மூன்று காலத்தில் எழுதியது. "பாவா எடுக்கக் கூடாது என்கிறார்." "காரணம் தெரியவில்லை, பாவாவைக் கேட்கவும்." "பாவா இப்போது இங்கே இல்லை. ஆகவே தொட வேண்டாம்."

இன்றைக்கு எங்கள் ஆபீஸில் பாவா யார் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ பெரிய பாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ரம்ஜான் சமயத்தில் கேட்டாள்: "மேடம், பாவா சார் வீட்லேர்ந்து பிரியாணி வருமா?"

எனக்குத் தெரியும். அவர் பெயர் முனிரத்தினம். பள்ளிப்பட்டுக்காரர். ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மச்சான் கொஞ்ச நாள் எங்கள் டெஸ்பாட்ச்சில் வேலை பார்த்தான். நாள் முழுக்க "பாவா, பாவா" என்று கத்திக்கொண்டே இருப்பான். அதைக் கேட்டுக் கேட்டு மொத்தக் கம்பெனிக்கும் அவர் பாவா ஆகிவிட்டார். மேனேஜர் உட்பட. கம்பெனியே அவருக்கு மச்சான்.

அந்தப் பாவாவுக்கு எட்டு வருடத்துக்கு முன்னால் வேலை போனது. இந்த வரியால்தான் போனது.

அதனால்தான் என் விரல் நின்றது. வேலை போகிற அளவுக்கு ஒரு மனிதர் 'எடுக்காதே' என்று சொல்லியிருக்கிறார் என்றால்… உள்ளே ஏதாவது இருக்குமோ? எடுத்தால் ஏதாவது ஆஸ்பத்திரியில், ஏதாவது கட்டிலருகே, திரை நின்றுவிட்டால்?

இப்போது ஆபீஸில் ஏஐ ஒன்று வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் பணிவாகப் பதில் சொல்லும். அதனிடம் வரியைக் காட்டினேன். "இந்த மாட்யூலை நீக்க வேண்டாம் என்று எழுதியவர் எச்சரிக்கிறார்" என்றது. பார்த்தாயா, நமக்குப் புரிந்ததுதான் அதற்கும் புரிகிறது என்று எனக்கு ஒரு திருப்தி. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு மோட்டார் மக்கர் செய்தது. ஓடுகிறது, ஆனால் மேலே டேங்குக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. என் கணவர் ஆஃப் செய்வார், ஆன் செய்வார், காது வைத்துக் கேட்பார், மறுபடி ஆன் செய்வார். பத்து நிமிடம் இதே வேலை. பொறுக்க முடியாமல் எலெக்ட்ரீஷியன் சாலமன் அண்ணனுக்கு நான் போன் போட்டேன்.

"அண்ணே, மோட்டார் ஓடுது, தண்ணி வரல."

"கொரங்கு எதுனா பைப்ப இஸ்துச்சா?"

"இல்லண்ணே, இன்னிக்கு அதுங்க லீவு."

"அப்ப அடில தண்ணி இஸ்க்கற ஃபுட் வால்வு பூடுச்சி. சார் இன்னா பண்றாரு?"

"திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறாரு."

"ஐயே, மொதல்ல ஆஃப் பண்ண சொல்லும்மா! எடுக்காத மோட்டார எத்தினி தபா போட்டாலும் எடுக்காது. சும்மா ஓட்டிகினே இருந்தா காயில் பொகஞ்சிடும். நா வந்துகினேதான் கீறேன்."

போனை வைத்தேன். கணவர் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

எடுக்காத மோட்டார்.

எடுக்காத மாட்யூல்!

'எடுக்காதே' என்று யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. எடுக்காத மோட்டார், எடுக்காத வண்டி என்கிற மாதிரி — எடுக்காத மாட்யூல். லோட் ஆகாத மாட்யூல். உதவாது, தூக்கிப் போடு என்று அர்த்தம். எட்டு வருடமாக நாங்கள் படித்ததற்கு நேர் எதிர்.

தண்ணீராவது மோட்டாராவது. ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். பழைய சரக்கெல்லாம் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். அதில் பாவாவின் டெஸ்ட் குறிப்புகளைத் தேடினேன். அதே தேதியில் ஒரு சின்ன ஃபைல் கிடைத்தது. அதே இங்கிலீஷ் எழுத்துத் தமிழ். முதல் வரியில் எடுக்கிற மாட்யூல் — ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. இரண்டாம் வரியில் எடுக்காத மாட்யூல் — நாலு, ஆறு, ஏழு. மூன்றாம் வரியில், அடுத்த வாரம் வந்ததும் தூக்கணும்.

சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு நிமிடம் துள்ளிக் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். உள்ளே வந்த சாலமன் அண்ணன், மோட்டார் தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன்? இதைத்தான் இத்தனை வாரமாக எழுதாமல் ஒளித்து வைத்திருந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சின்ன நர்சிங் ஹோமிலிருந்து புகார் வந்தது. கரண்ட் போய் வந்திருக்கிறது. எங்கள் மானிட்டர் ஒரு நிமிடம் வெறுமனே முழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நர்ஸ் பதறிப்போய்விட்டார். நல்ல வேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் புகார் புகார்தானே? மீட்டிங் போட்டார்கள். சுவரில் புரோகிராமைப் பெரிதாகக் காட்டி, வரி வரியாகத் தேடினார்கள். அந்த மூன்று காலி வீடு அகப்பட்டது. மேலே இந்த வரி.

அப்போது இருந்த மேனேஜர் வடக்கே இருந்து வந்தவர். தமிழ் தெரியாது. "இது என்ன? என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அறையில் ஆறு பேர். பாவா இல்லை. அவருடைய நைனா — எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம் — பக்கவாதத்தில் விழுந்து, பாவா லீவில் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தார். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொன்னது யார்?

நான்தான்.

"மாட்யூலை எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார் சார்." அதையும் அழகான இங்கிலீஷில் சொன்னேன். எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. திருத்தணியில் பிறந்து, எடுக்காத மோட்டார் பக்கத்திலேயே வளர்ந்தவள். அன்றைக்கு அந்த ஏசி ரூமில் எனக்கு வீட்டுத் தமிழ் மறந்துபோயிருந்தது.

மேனேஜர் தலையை ஆட்டினார். "ஆக, தெரிந்தே வைத்திருக்கிறார்." அவ்வளவுதான். லீவு நீண்டதையும் சேர்த்து ஒரு காரணமாக்கி, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு அனுபவக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. அது இல்லாமல் வேறு கம்பெனியில் எப்படிச் சேர்வது?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஆளைத்தான் எடுத்தார்கள். மாட்யூலை எடுக்கவில்லை. 'எடுக்காதே என்று எழுதியிருக்கிறாரே, என்னமோ ஏதோ' என்று பயந்து, மெஷினுக்குள் ஒரு சின்ன பேட்டரியை வைத்து, கரண்ட் போனாலும் திரை அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். தப்பு அப்படியே உள்ளே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. "கல்பனா, லெட்டர் தர மாட்டேங்கறாங்கம்மா. நா இன்னா தப்பு பண்ணேன்னாவது கேட்டு சொல்லேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஹெச்ஆர்ல கேளுங்க பாவா. நான் மீட்டிங்ல இருக்கேன்."

மீட்டிங்கில் இல்லை. கேன்டீனில் இருந்தேன்.

இதோடு என்னைத் திட்ட வேண்டியவர்கள் திட்டிக்கொள்ளலாம். நானே என்னைத் திட்டிக்கொண்டுதான் பழைய நம்பரைத் தேடி எடுத்தேன். இத்தனை நாள் கழித்து வேலை செய்யுமா? அடித்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டார். எட்டு வருடமாக அதே நம்பர். அடிக்காமல் இருந்தது நான்தான்.

"நேர்ல வரணும் பாவா. ஒரு விஷயம் சொல்லணும்."

"வாயேன்! போன்ல சொல்ல மாட்டியா? சரி சரி, வா. பஸ் ஸ்டாண்டாண்ட எறங்கி நைனா கம்ப்யூட்டர்ஸ்னு கேளு."

புறப்பட்டுப் போனது கிருத்திகை அன்றைக்கு. காலண்டர் பார்க்காமல் கிளம்பினால் இப்படித்தான். மலைக்கு வந்து திரும்புகிற கூட்டம் பஸ்ஸில் பிதுங்குகிறது. எனக்கு முன்னால் நாலு மொட்டைத் தலை, நாலிலும் சந்தனம். என் முந்தானையில் கால்வாசிச் சந்தனம். பள்ளிப்பட்டு போய்ச் சேர்வதற்குள் எனக்கே மொட்டை போட்ட மாதிரி ஆகிவிட்டது. பரவாயில்லை, செய்த காரியத்துக்கு அந்த வேண்டுதலும் தேவைதான்.

நைனா கம்ப்யூட்டர்ஸ் என்பது பத்துக்குப் பத்து ரூம். ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, பரீட்சை விண்ணப்பம், மனு டைப்பிங். சி புரோகிராமில் கில்லாடி என்று நாங்களெல்லாம் எழுந்து நின்ற மனிதர், ஒரு அம்மாவின் ஆதார் கார்டை மெஷினில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் போடு நைனா," என்றது அந்த அம்மா. எங்கள் பக்கம் பிள்ளை வயதுக்காரரையும் செல்லமாக நைனா என்போம்.

"ஆங், ரெண்டு பக்கமும்தாம்மா போட்டுகினு கீறேன்." என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா கல்பனா! இன்னா இப்டி எளச்சிட்ட? உக்காரு. டீ சொல்றேன்."

அந்த மலர்ச்சிதான் என்னைக் கொன்றது. டீ வருவதற்குள் சொல்லிவிடுவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மீட்டிங், அந்த வரி, நான் சொன்ன அர்த்தம், கேன்டீன். எதையும் மறைக்கவில்லை.

முடித்ததும் அவர் ஜெராக்ஸ் மெஷினை ஆஃப் செய்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்த மூணும் இன்னும் உள்ளாறவா கீது?"

"இருக்கு பாவா."

"எட்டு வருசமாவா?"

"ஆமா."

"ஐயய்யே!" தலையில் கையை வைத்துக்கொண்டார். "அது எடுக்காதும்மா! கார்டே இல்ல, எப்டி எடுக்கும்? அடுத்த வாரம் வந்து தூக்கிடலாம்னு ஒரு அடையாளத்துக்கு எழுதி வெச்சிட்டு ஊருக்கு வன்ட்டேன். அப்பால நைனா எழுந்திரிக்கவே இல்ல, நானும் வர முடியல. போன் பண்ணியிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பேனே!"

அதுதான். ஒரு போன். அந்த அறையில் இருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதினவரைக் கேட்காமல், எழுதினதை மட்டும் கேட்டோம்.

"என்னைத் திட்டுங்க பாவா," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"திட்டி? அத்த வுடு. நீயும் நம்மூரு பொண்ணு, ஒனக்கே இது தெரியலியேன்னு நெனைக்கசொல்லதான் கஷ்டமா கீது." மேஜைத் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "வேல போனது கூட பரவால்ல. நைனா இன்னும் ரெண்டு வருசம் படுக்கையில இருந்தாரு. தெனம் கேப்பாரு, லெட்டர் வந்துச்சாடான்னு. ஒரு நா தாங்க முடியாம, வந்துச்சி நைனா, பீரோல கீதுன்னு சொல்லிட்டேன். காட்டுடான்னு கேட்டிருந்தா மாட்டிகினு இருப்பேன். கேக்கல. நம்பிட்டாரு."

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். கடைக்கு ஆட்கள் வந்து போனார்கள்.

"நான் லெட்டர் வாங்கித் தரேன் பாவா," என்றேன்.

"இப்ப வெச்சிகினு இன்னா பண்றது? நாப்பத்தொம்போது வயசாவுது. எவன் கூப்டுவான்? வேணாம், நீ போய் வம்புல மாட்டிக்காத."

சரி என்று எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "கல்பனா… குடுத்தாங்கன்னா வாங்கிக்கிறேன்."

ஆபீஸில் என்ன சொன்னார்கள்? வழக்கம் போலத்தான். "பழைய ரெக்கார்டு இல்லையே." "சிஸ்டம் மாறிடுச்சே." "அந்த மேனேஜர் இப்ப இல்லையே." மேனேஜர் இல்லை, சரி. தப்பாகச் சொன்னவள் இதோ இருக்கிறேனே என்றேன். என் தப்பை ஒரு மெயிலாக எழுதி, மொத்த டீமுக்கும் அனுப்பினேன். அதற்கும் அசைவு இல்லை என்றதும் எனக்கு வந்ததே கோபம்… "அப்படியானால் நான் வாராவாரம் ஒரு பத்தி எழுதுகிறேன், தெரியுமில்லையா?" என்றேன். இந்தப் பத்தியால் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான லாபம் அன்றைக்குத்தான். தலைமை மேடம் நல்லவர். விஷயம் அவர் காதுக்குப் போனதும் பழைய சம்பளப் பட்டியலைத் தோண்டி எடுக்கச் சொன்னார். பத்தே நாளில் கடிதம் வந்தது.

மறுபடி பள்ளிப்பட்டு பஸ். இந்தத் தடவை காலண்டர் பார்த்துக்கொண்டேன்.

கடிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தெண்ணிப் படித்தார். முனிரத்தினம் என்று முழுப் பெயர். ஒன்பது வருடம் நாலு மாதம். பணியில் குறை ஏதும் இல்லை. அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். லேமினேஷன் மெஷினை ஆன் செய்து, அது சூடாகிற வரைக்கும் நின்று, கடிதத்தை உள்ளே விட்டார். அந்தப் பக்கம் பளபளவென்று வெளியே வந்தது.

"மாட்டி வைப்பீங்களா பாவா?" என்று சுவரைக் காட்டினேன்.

"இல்லம்மா. பீரோல வெக்கணும்," என்றார். "நைனாவாண்ட அங்கதான் கீதுன்னு சொன்னேன்."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். (எங்கள் ஐடி டிபார்ட்மென்ட் ஆட்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதோடு நிறுத்திக்கொள்ளவும். மேற்கொண்டு எழுதியிருப்பது கற்பனை.)

"சென்னையில டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன் பாவா. அம்பத்தெட்டு செகண்டு எடுத்தது, அந்த மூணும் இல்லாம பதிமூணுல வருது. ஆனா இன்னும் அழிக்கல. நீங்கதான் அழிக்கணும்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு வருடம் ஆதாரும் பட்டாவும் அடித்த விரல்கள். முதலில் கொஞ்சம் தடுமாறின. பிறகு பாருங்கள், மவுஸைத் தொடவே இல்லை! நேராக அந்த இடத்துக்குப் போய் நின்றார். நாலாம் நம்பர் போனது. ஆறு போனது. ஏழு போனது. இருநூறு வரிக்கு மேல். "பாவா எடுக்கக் கூடாது என்கிறார்" போனது. "பாவாவைக் கேட்கவும்" போனது. "பாவா இப்போது இங்கே இல்லை" என்ற வரி வந்தபோது, "தோ கீறேனே," என்று சொல்லிக்கொண்டே அதையும் அழித்தார். கடைசியாக, அவர் எழுதிய அந்த ஒரு வரி. அதையும்.

இப்படி அழித்ததும் ஒரு சின்னப் பெட்டி வரும். காரணம் என்ன என்று கேட்கும். பாவா பழைய ஞாபகத்தில் e, d, u, k, k, a… என்று அடிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ பாவா! கையெடுத்துக் கும்பிடறேன், தமிழ்லயே அடிங்க!"

கடை அதிர்கிற மாதிரி சிரித்தார். வந்திருந்த இருவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். தினம் பத்து மனு அடிக்கிற கை. தமிழில் சரசரவென்று ஓடியது.

'எடுக்கவில்லை. அதனால் எடுத்துவிட்டோம். — முனிரத்தினம், கல்பனா.'

பாவா என்று போடவில்லை, கவனித்தீர்களா? முழுப் பெயர். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் தெரிய வேண்டுமே. பெயருக்குப் பக்கத்தில் அவருடைய போன் நம்பரையும் போடச் சொன்னேன்.

கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள். இங்கிலீஷில் என்ன அர்த்தம் என்று மட்டும் தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்!